ஆறு நிமிடக் காதல்

...இல்லை, இது தற்செயலாக இருக்க முடியாது, உலகத்தில் எத்தனையோ பேர் காதலிக்கிறார்கள், பஸ் ஸ்டாப்பில் நின்று பேசுகிறார்கள், ஆனால் ஒரு பெண்ணின் விரலைப் பிடித்து மோந்து பார்த்து, 'சொல்யூஷன் வாசம் அடிக்குது, இது இல்லன்னா நீயான்னே எனக்குத் தெரியாது' என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? கம்பெனி பஸ் மாதனூரைத் தாண்டி ஆம்பூர்ப் பக்கம் ஹைவேயில் ஏறியிருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்பிகா போனை மடியில் கவிழ்த்தாள், மறுபடி நிமிர்த்தி அந்த வரியையே படித்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால் விரிஞ்சிபுரம் பஸ் ஸ்டாப்பில் காசி அவளிடம் சொன்னது, ஒரு வார்த்தை மாறவில்லை. அப்போது ஷூ கம்பெனியில் அவளுக்கு சொல்யூஷன் பசை தடவி அடிப்பாகம் ஒட்டுகிற வேலை, எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டு அந்த வாசம் போகாது. அன்றைக்கு அங்கே மூன்றாவது ஆள் கிடையாது. அவள் யாரிடமும் சொன்னதும் கிடையாது, அம்மாவிடம்கூட. அப்படியானால் காசிதான் சொல்லியிருக்கிறான், கட்டிய புருஷன், எவளிடமோ... எவளிடம்? கதைக்கு மேலே பேர் இருந்தது. பாலாற்று மல்லி. மல்லியாம்!

தினமும் ஒரு கதை, அதுதான் அவள் கணக்கு, பஸ் ஏறினால் போனில் கதை ஆப்பைத் திறப்பாள், 'வாசிக்க ஆறு நிமிடம்' என்று போட்டிருப்பதாகப் பார்த்து எடுப்பாள். எண்பது அத்தியாயம் ஓடுகிற தொடர்கதையெல்லாம் அவளுக்கு ஆகாது, யார் யாருக்கு அத்தை என்று நினைவு வைப்பதற்குள் கம்பெனி வந்துவிடும். சின்னக் கதை அப்படியில்லை, எடுத்தவுடனே மனசைப் பிடித்து உலுக்கிவிட்டு இறக்கிவிடும், போன மாசம் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டின மறுநாள் அப்படி ஒரு கதைதான் அவளை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. குறை இல்லாமல் இல்லை, கதாநாயகன் எல்லாரும் ஆறடி, ஒருத்திக்கும் இடுப்பு வலி வராது, மழை மட்டும் சொல்லிவைத்த மாதிரி வந்துவிடும், இருந்தாலும் யாரோ எங்கேயோ உட்கார்ந்து கற்பனையாய் எழுதியது என்ற தெம்பில்தானே படித்தாள். இப்போது இது யார் வீட்டுக் கதை?

காசி வேலை பார்க்கிற சத்துவாச்சாரி கூரியர் ஆபீஸில் புதுசாக ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று போன வருஷம் அவன் சொன்னானே, தமிழ் டைப்பிங் சும்மா பறக்குது என்று, எதற்கு அதை அவளிடம் சொன்னான், சொல்லிவிட்டால் சந்தேகம் வராது என்றா? கொஞ்ச நாளாக போனைக் குப்புறப் போடுகிறான், சாப்பிடும்போது தானாகச் சிரிக்கிறான், இன்னா என்று கேட்டால் ஒண்ணுமில்ல என்கிறான்... ஒண்ணுமில்லாமல் எவனாவது ரசத்தைப் பார்த்துச் சிரிப்பானா? பொண்டாட்டியின் கைவாசத்தைப் பற்றி இன்னொருத்தியிடம் பேசியிருக்கிறான், அவளும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டிருப்பாள், பாவம், நல்ல கதையா இருக்குதே என்று சொல்லியிருப்பாள். "இன்னா அம்பிகா, மூஞ்சியே சரியில்ல?" பக்கத்து சீட்டு ஷஹீன் பானு கேட்டாள், அவளும் இதே ஆப்தான். "கதைதான்க்கா." "அழுகாச்சியா? முடிவ சொல்லிடாத, எனக்கு அனுப்பு." அனுப்புவதா, இதையா! கம்பெனி கேட்டுக்குள் போனால் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், சாயங்காலம் வரைக்கும் இதை மனசில் வைத்துக்கொண்டு எப்படி ஷூவில் குறை பார்ப்பது? காசியைக் கூப்பிட்டாள்.

"பாலாற்று மல்லி யாரு?" அவ்வளவுதான் கேட்டாள். அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற இரைச்சல், அது கடந்து போவதற்குள் மனசுக்குள்ளேயே அவள் துணிமணி எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கே போய்விட்டாள். பிறகு காசி மெதுவாக, திருடினவன் மாதிரி, "படிச்சியா?" என்றான். "யாருன்னு கேக்குறேன்." "நான்தான்." இன்னா, நீயா? ஆம்பளை பேரில் காதல் கதை போட்டால் படிக்கிறார்களா என்று சந்தேகமாம், வெட்கமாம், ஒரு வருஷமாக எழுதுகிறானாம், அந்தக் கூரியர் ஆபீஸ் பெண்தான் போனில் தமிழ் அடிக்கச் சொல்லிக்கொடுத்தாளாம். மூச்சு திரும்பி வந்தது, சிரிப்புகூட வந்தது, ஆனால் வந்த சிரிப்பு பாதியில் நின்றது. "கட்டிக்கிறியான்னு நீ கேட்டதுக்கு நான் அன்னிக்கு சரின்னே சொல்லலையே, கைய இழுத்துக்கினு பஸ் ஏறிட்டேன். கதைல வர்றவ சிரிச்சிக்கினே சரின்றாளே?" "நீ மூணு வாரம் காக்க வச்ச. ஆறு நிமிஷத்துல மூணு வாரத்த எப்டி வைக்கிறது? அதான் சுருக்கிட்டேன்." அந்த மூன்று வாரம் அவள் பட்ட பாடு, அப்பாவுக்கு என்ன பதில் சொல்வது என்று தூங்காமல் புரண்டது, எல்லாம் சுருக்கத்தில் போய்விட்டது. கதையில் இருக்கிறவள் அவள்தானா, இல்லை காசிக்கு வேண்டியிருந்த ஒருத்தியா?

லைனைக் கட் பண்ணாமலே பாலாற்று மல்லியின் பக்கத்தைத் திறந்தாள், நாற்பத்தொரு கதை, விரலால் தள்ளிக்கொண்டே போய் ஒவ்வொன்றிலும் கடைசி வரியை மட்டும் பார்த்தாள், 'அவள் தலையசைத்தாள்', 'அவன் கையை நீட்டினான்', 'மழை விட்டிருந்தது'... "ஒண்ணுலகூட புருஷன் பொண்டாட்டி இல்லையே, காசி?" "சின்னக் கதைன்னா அப்டித்தான், சம்மதிச்ச இடத்துல நிறுத்திடணும். அதுக்கு மேல போனா யாரும் படிக்க மாட்டாங்க." கதைக்கு இடம் போதவில்லையா, இவனுக்கே அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லையா, ஏழு வருஷம் கூடவே இருந்ததில் ஒரு ஆறு நிமிஷம்கூடத் தேறவில்லையா? கேட்டுவிடத்தான் வாயெடுத்தாள். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் அவளும் எத்தனை கதை படித்திருப்பாள், ஐந்நூறா, அறுநூறா, ஒரு தடவையாவது, கையைப் பிடித்தவர்கள் மறுநாள் காலையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யோசித்தாளா? முடிந்த கதையை மூடினாள், அடுத்த ஜோடியைத் தேடினாள்... காசி சொல்கிற அந்த 'யாரும்' வேறு யாரோ இல்லை, அவளேதான் போலிருக்கிறதே. அவன் ஒருநாள் உட்கார்ந்து, கல்யாணமான ரெண்டு பேர் ஒன்றும் பேசாமல் சாப்பிடுகிற கதையை எழுதிவிட்டால், அவள் அதை முதல் பத்தி தாண்டிப் படிப்பாளா, இல்லை... "அம்பிகா? லைன்ல இருக்கியா?" என்றான் காசி.