காக்கா போட்ட பூட்டு

வலப்பக்க அடிவயிற்றைப் பிடித்தபடி ஷரிபுதீன் பாயில் சுருண்டு கிடந்தான். கரைவலைக் கயிறு இழுத்து இறுகிய உடம்பு. இப்போது காலை நீட்டினாலே அலறினான். வாந்தி பச்சையாக வந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்று மனைவி ஜெனூபா சொன்னதும், அவன் காக்கா என்றழைக்கும் தமையன் மசூர் வெளிக்கேற்றைச் சங்கிலியால் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகினான்.

"வயித்துக்குத்து எண்டுதான் போவீங்க. அவனுகள் மூக்குல குச்சிய விட்டுக் கொரோனா எண்டுவானுகள். மவுத்தாப் போனா எரிச்சிப் போடுவானுகள், புள்ள."

அந்த வருசம் இலங்கையில் கொரோனாவில் இறந்தவர்களை, முஸ்லிம்களானாலும், எரிக்கத்தான் உத்தரவு. கல்முனைக்குடியில் நெஞ்சு வலிக்காரரும் சீனி வருத்தக்காரரும் வீட்டோடு கிடந்தார்கள். மசூருக்கு இன்னொன்றும் இருந்தது. சுனாமியில் போன உம்மாவின் மையித்து கிடைக்கவேயில்லை.

"உம்மாவுக்கும் மண் குடுக்கல்ல. இவனுக்காவது குடுப்பன்."

"அவர் இன்னும் மவுத்தாகல்ல மச்சான். இப்பவே குழி வெட்டாதீங்க."

ஜெனூபா போனில் கூப்பிட்டு வந்த ஓட்டோக்காரன் கோணாமலை கேற்றை உலுக்கினான். "தம்பியச் சாகக் குடுத்திட்டு என்னடா செய்யப் போறாய்? திற." மசூர் கம்பிகளுக்கிடையே கையை விட்டு அவன் கழுத்தைப் பிடித்து இழுத்து முகத்தைக் கேற்றில் மோதினான். மூக்குடைந்து சேட்டெல்லாம் இரத்தம்.

ஜெனூபா குழி தோண்டும் அலவாங்கை எடுத்து வந்து பூட்டில் குத்தினாள். மசூர் அவளை முக்காட்டோடு மயிரைப் பிடித்து இழுத்து மண்ணில் அறைந்தான். விலாவில் மிதித்தான். மீண்டும் மிதித்தான். அவள் கிடந்தபடியே இரும்பைச் சுழற்றினாள். அவன் வலது முன்கை முறிந்து தொங்கியது. அவன் இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு எழுந்தாள்.

சத்திர சிகிச்சை வார்டில் பாதிக் கட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன.

"குடல்வால் வெடிச்சிட்டு" என்றாள் தாதி. "உங்கட ஊருல நோயே இல்லாமப் போயிட்டாக்கும் எண்டு நினைச்சம். அழுகின பொறகுதான் வாறீங்க."

கொரோனா இல்லை என்று முடிவு வந்தது. ஷரிபுதீன் பிழைத்தான்.

மசூர் தன் கைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பலகைத் துண்டு வைத்துத் துணியால் கட்டினான். எலும்பு கோணலாகப் பொருந்தியது, விரல்கள் மடங்கவில்லை. கயிறு பிடிக்க ஏலாதவனை எந்த வலையிலும் சேர்க்கவில்லை.

ஷரிபுதீன் மறுபடி வலை இழுக்கப் போன காலையில் மசூர் கரையில் நின்றான்.

"உன்ட பொண்டாட்டி எனக்கு ஒரு கை தரணும்."

"ஓம் காக்கா. தரணும்."