சிவப்புக் குறி போட்ட உத்தரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு வரலாற்று ஆர்வமெல்லாம் கிடையாது. ஒரு பார்சலை மீட்கப் பழைய சுங்கக் கட்டடத்துக்குப் போனேன், காக்க வைத்தார்கள். பொழுது போகாமல் அண்ணாந்தால், கூரையைத் தாங்கும் இரும்பு உத்தரத்தில் சிவப்புப் பெருக்கல் குறி.

"பிடிச்சு வெச்ச சரக்குன்னு அர்த்தம்," என்றார் குமாஸ்தா. "விட்டுட்டா மேல சுண்ணாம்புக் கோடு இழுப்பாங்க."

கோடு இல்லை.*

2

கடல் அன்று அமைதியாக... (வேண்டாம். கடலுக்கு வேறு வேலையே இல்லையா?)

கட்டடம் எழும்பிய காலம். மேஸ்திரி சுவர்களை முடித்துவிட்டார்; சாந்து இன்னும் இறுகவில்லை; மழையோ வாசலுக்கு வந்துவிட்டது. கூரைக்கான உத்தரங்கள் கப்பலிலிருந்து இறங்கிக் கிடந்தன. சுங்க அதிகாரி அவற்றைச் சிவப்புக் குறி போட்டு நிறுத்திவிட்டார். எந்தச் சரக்கையும் கூரையுள்ள சுங்கக் கட்டடத்தில் வைத்துச் சோதித்த பிறகே விட வேண்டும் என்பது சட்டம். அந்தக் கூரைக்குத்தான் இந்தச் சரக்கு!

அதிகாரி வேறு யாருமில்லை, மேஸ்திரியின் தங்கை புருஷன். (இந்த உறவை நான்தான் நுழைத்தேன். அந்நியராக இருந்தால் மேஸ்திரி நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார்.)

3

"மாப்பிள்ளை, சுவர் கரைஞ்சா இனிமே எவனும் என்னை நம்பி ஒரு செங்கல் தரமாட்டான்."

"விட்டா என் வேலை போயிடும் மச்சான். உங்க தங்கச்சி நடுத்தெருவுல நிக்கணுமா?"

அலைந்து திரிந்து இந்த மாப்பிள்ளையைப் பிடித்தவர் மேஸ்திரிதான். நேர்மையான மனுஷன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவரும் அவரேதான்.

4

முடிவு ஒன்று: மாப்பிள்ளை மனமிளகி... இல்லை. இளகியிருந்தால் கோடு இழுத்திருப்பார்.

முடிவு இரண்டு: மாப்பிள்ளை வெளியூர் போன வாரத்தில், மேஸ்திரி உத்தரங்களைத் தூக்கிவந்து ஏற்றி, ஓடும் வேய்ந்துவிட்டார். இதை நம்புகிறேன். ஆனால் சுண்ணாம்பிலேயே புழங்கும் மனுஷர் ஒரு கோடு இழுத்து மறைத்திருக்கலாமே?

இதில்தான் பல நாள் மாட்டிக்கொண்டு கிடந்தேன். கோடு இழுத்தால், சரக்கை விட்டது மாப்பிள்ளை என்றாகும். சிவப்பை அப்படியே விட்டால், திருடியது மேஸ்திரி மட்டும். அவர் மேல் எனக்குப் பிரியம் வந்தது அப்போதுதான்.

5

மழை கொட்டுகிறது. ஊர் திரும்பிய மாப்பிள்ளை நனைந்துகொண்டே உள்ளே ஓடிவந்து, தலையைத் துவட்டி, அண்ணாந்து பார்க்கிறார். கீழே மேஸ்திரி, கையில் சுண்ணாம்பு வாளியோடு.

என் பார்சலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் போக வேண்டும். நீங்கள் இருங்கள். மாப்பிள்ளை வாயில் முதலில் வருவது திருடன் என்பதா, மச்சான் என்பதா, கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

* சுண்ணாம்பு காலப்போக்கில் உதிர்ந்திருக்கலாம் என்கிறாள் என் மனைவி. அவளை இந்தக் கதைக்குள் விடுவதாக இல்லை.