பின்பக்கம் மட்டும்

விமானம் தரையைத் தொட்டதும் அப்பா முதலில் தேடியது பையைத்தான். காலடியில் கிடந்ததை மடிக்கு ஏற்றி, உள்ளே கையை விட்டு, என் சான்றிதழ் கோப்பைத் தடவிப் பார்த்த பிறகுதான் சீட் பெல்டைக் கழற்றினார். முதல் முறையாகப் பறக்கிறாரே என்று ஜன்னலோர இருக்கையை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தேன். வழி முழுக்கப் பையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த விமானத்துக்கு ஆறரை மணி நேரம் இருந்தது. அதை இந்தச் சின்ன ஊரில் எப்படிக் கழிப்பது என்று ஒரு வாரமாகத் திட்டம் போட்டிருந்தேன். ஏரி, அதைச் சுற்றி ஒரு நடை, பழைய மணிக்கூண்டு, உட்கார்ந்து காப்பி குடிக்க ஒரு கடை. எங்கள் வீட்டில் யாரும் ஓர் ஊரைச் சும்மா பார்ப்பதற்கென்று போனதில்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். நானாவது பார்க்கலாம் என்றிருந்தேன்.

வெளியே போகும் கதவருகே நின்று, நாளைக் காலை ஒன்பது மணிக்கு வேலையில் சேர எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று பார்க்க, வேலை தந்தவர்களின் கடிதத்தைக் கைபேசியில் திறந்தேன். பதினோராவது விதி கண்ணில் பட்டது. அசல் பட்டச் சான்றிதழின் பின்புறம் சரிபார்ப்பு முத்திரை இடப்படும். லேமினேட் செய்யப்பட்ட சான்றிதழ்கள் ஏற்கப்படமாட்டா. அவ்வாறானவர்களின் இடம் பட்டியலில் அடுத்துள்ளவருக்கு வழங்கப்படும்.

அப்பா எல்லாவற்றையும் லேமினேட் செய்கிறவர். வீட்டுப் பத்திரம், அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, மூன்றாம் வகுப்பில் நான் ஓடி வாங்கிய சான்றிதழ். சுவருக்குப் பெயின்ட் அடிப்பது அவர் தொழில். ஈரம் என்னென்ன செய்யும் என்று முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறார். பட்டம் வாங்கிய அன்று நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் கடைக்கு ஓடிப்போய், சூடு ஆறாமல் கொண்டுவந்து நீட்டினார். "இனிமே தண்ணில போட்டாக்கூட ஒண்ணும் ஆவாது."

"உன்னை யாருப்பா லேமினேட் பண்ணச் சொன்னா?" என்றேன்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

படித்துக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது. "இந்தக் கடுதாசி எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

பத்து நாளாயிற்று. முதல் பக்கத்தில் 'வாழ்த்துகள்' என்று இருந்ததை நூறு தடவை படித்தேன். இரண்டாவது பக்கத்துக்குப் போகவில்லை. "இப்பத்தான் பாத்தேன்" என்றேன். கோபம் இன்னும் கூடியது.

மாற்றுச் சான்றிதழுக்கு மூன்று மாதம் ஆகும். டாக்சி பிடித்து ஜெராக்ஸ் கடைகளைத் தேடினோம். முதல் கடைக்காரன் அதை மேலும் கீழும் திருப்பிப் பார்த்தான். "ஒட்டறதுக்குத்தான் மிஷின் இருக்கு சிஸ்டர். பிரிக்கறதுக்கு எவனும் கண்டுபிடிக்கல."

இரண்டாவது கடைக்காரன் குரலைத் தாழ்த்தினான். "கலர்ல ஒரு காப்பி எடுத்துத் தர்றேன் மேடம். அசல் தோத்துப்போயிடும்."

"நான் வேலைக்குப் போறேன், ஜெயிலுக்கு இல்ல."

மூன்றாவது ஆள் பேசவே இல்லை. பிளேடை எடுத்து நேராகப் பல்கலைக்கழக முத்திரையின் மேல் வைத்தான். அப்பா அவன் கையிலிருந்து சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

டாக்சி ஏரிக்கரை வழியாகப் போனது. "அதோ பாரு, நீ சொன்ன ஏரி" என்றார். நான் வேண்டுமென்றே மறுபக்கம் திரும்பிக்கொண்டேன். அங்கே ஒரு டயர் கடை இருந்தது. அதைப் பார்த்தேன்.

"ஏம்மா, முத்திரை பின்னாடிதான குத்துறாங்க?"

"ஆமா."

"அப்ப முன்பக்கத்த எதுக்குத் தொடணும்? பின்பக்கம் மட்டும் உரிச்சிட்டா?"

"லேமினேட் பண்ணதை வாங்க மாட்டோம்னு போட்டிருக்குப்பா."

"பாதி பண்ணதப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை. நாலு வருடம் படித்தவள் நான். விதியில் ஓட்டையைக் கண்டுபிடித்தது இவர். அதற்கும் எரிச்சல் வந்தது.

சந்து முனையில் ஓர் இஸ்திரிக் கடை. அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். கடைக்கார அம்மா, "துணி எங்கண்ணே?" என்றாள். விஷயத்தைக் கேட்டதும் இரண்டு எட்டுப் பின்னால் போனாள். "பெட்டி தர்றேன், மேசை தர்றேன். தேய்க்கிறது நீங்க. அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேணாம்."

அப்பா சான்றிதழைக் கவிழ்த்து வைத்து, துணியை நாலாக மடித்து மேலே போட்டு, பெட்டியை மூன்று எண்ணும்வரை வைத்து எடுத்தார். ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்தார். சுவரில் பூசிய பட்டியைச் சுரண்டியே தகடான நகம். பிளாஸ்டிக் ஒரு நூல் அளவு எழுந்தது. மறுபடி துணி, மறுபடி பெட்டி. "இழுக்கக் கூடாது. சூடு போய்க் கூப்புடணும். அதுவா எந்திரிச்சு வரும்."

அதுவாக எழுந்து வருவதற்குள் இரண்டு மணியாகிவிட்டது. பாதிதான் வந்திருந்தது. மூன்றரைக்குள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். "இப்படிப் பண்ணா விடிஞ்சிடும், குடு" என்று முனையைப் பிடித்து இழுத்தேன்.

சர்ரென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக்கோடு காகிதத்தின் தோலும் கொஞ்சம் வந்துவிட்டது, ஒரு தீப்பெட்டி அளவுக்கு. அந்த இடத்தில் முன்பக்க எழுத்து நிழலாகத் தெரிந்தது. என் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி.

அவர் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அப்பா கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"முத்திரைய எந்த மூலைல வைப்பாங்க?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?"

"சரி, தள்ளி நில்லு" என்று மிச்சத்தை அவரே உரித்தார். கடைக்கார அம்மா வாசலுக்கு வந்து, உள்ளே வர இருந்த ஒருவரை அப்புறம் வரச் சொன்னாள்.

உரித்து முடித்ததும் வேறு வம்பு. ஒரு பக்கம் பிளாஸ்டிக், ஒரு பக்கம் வெறும் காகிதம். கையை எடுத்தால் குழாய் மாதிரி சுருண்டுகொண்டது. விமான நிலையம் வந்ததும் அப்பா அதைக் கோப்பில் வைத்து, கோப்பை நாற்காலியில் வைத்து, மேலே உட்கார்ந்தார். கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. விமானத்துக்குள்ளும் அப்படியே. இந்த முறை ஜன்னல் இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு, கோப்பின் மேல் அமர்ந்து, பெல்டை இறுக்கிக்கொண்டார். பணிப்பெண் நீட்டிய தண்ணீரை வேண்டாம் என்றார். குடித்தால் எழுந்து போக வேண்டிவரும்.

விமானம் ஓடி எழும்பியது. கீழே ஊர் சாய்ந்தது. ஏரி முழுசாகத் தெரிந்தது. நான் நினைத்ததைவிடப் பெரியது. நடுவில் ஒரு திட்டு, அதில் வெள்ளையாக ஏதோ பறவைகள்.

"அப்பா, ஏரி தெரியுது பாரு."

"நீ பாரும்மா. நான் அசைஞ்சா மடங்கிடும்."

நேரே முன்னிருக்கையின் முதுகைப் பார்த்தபடி இருந்தார். விமானம் மேலே மேலே போக, இரண்டு கைப்பிடிகளையும் கெட்டியாகப் பிடித்து, தன் எடை முழுவதையும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருந்தார்.