முதலாம் ஆள்

"ஆதாரம் இருந்தால் கொண்டு வாரும், மலர். ஆதாரம் இல்லாமல் ஒரு வரியும் நான் புத்தகத்திலை போடன்."

செல்வமலரின் அக்கா புருஷன் உருத்திரமூர்த்தி பங்குனியில் சொன்னது இது. மனிதர் குடும்ப வரலாறு எழுதுகிறாராம். 1986இல் தானே முதலில் மொன்றியலுக்கு வந்து வீடெடுத்ததாகவும், மறுவருடம் மைத்துனி செல்வமலரைக் கூப்பிட்டு ஆளாக்கியதாகவும் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. முதலில் வந்தவள் செல்வமலர். தையல் தொழிற்சாலையில் முதுகொடிய உழைத்து இரண்டறை வீட்டை எடுத்தவளும் அவளே. அத்தானும் அவருடைய தம்பிமார் இருவரும் பிறகு வந்து அங்கே பாய் விரித்தவர்கள். அக்கா இருந்தால் சாட்சி சொல்லியிருப்பாள்; அவள் போய் ஆறு வருடம். தம்பிமாரோ அண்ணன் சொல்வதற்கெல்லாம் ஓம் போடுகிறவர்கள்.

செல்வமலர் ரொக்ஸ்பரோவில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினாள். தேத்தண்ணிக்குக் கேத்திலை வைத்தபோதுதான் அந்தப் படிவம் ஞாபகம் வந்தது.

1986 ஆனி. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் கணக்கெடுக்கிற குடிசன மதிப்புப் படிவம் வந்தபோது மூன்று ஆம்பிளைகளும் அதைத் தொடவே பயந்தார்கள். அகதி வழக்கு முடியவில்லை, பெயர் கொடுத்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று நடுக்கம்.

"நீர் எழுதும். உம்மடை பேரை முதல்லை போடும்," என்றார் அத்தான். "ஏதும் வந்தால் முதல் பேரைத்தான் பிடிப்பாங்கள்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் எழுதினாள்.

பழைய படிவத்தில் தன் பதிவை அவரவர் கேட்டு எடுக்கலாம் என்று மகள் சாம்பவி கண்டுபிடித்துச் சொன்னாள். செல்வமலர் மனுப்போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, வந்த கடிதத்தோடு இல்-பிசாரில் இருந்த அத்தான் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பெயர் செல்வமலர். வயது இருபத்துநான்கு. வீட்டில் முதலாம் ஆள்.

"இதிலை நான் எங்கை?"

"உங்கடை பதிவை நீங்கள்தான் கேட்டு எடுக்க வேணும், அத்தான். சட்டம் அப்பிடி." வெற்று மனு ஒன்றை அவர் முன்னால் வைத்தாள். "எடுத்துப் பாருங்கோ. முதலாம் ஆளின்ரை அக்கா புருசன் எண்டு இருக்கும். எழுதினது நான்தானே."

அவருடைய முகம் சுருங்கிவிட்டது.

"பழசுகளைக் கிண்டி என்ன பிரயோசனம், மலர்?"

"கிண்டத் தொடங்கினது நீங்கள்."

"புத்தகம் திங்கக்கிழமை அச்சுக்குப் போகுது."

"இண்டைக்குச் சனிதானே."

நாற்பது வருடம் இந்த மனிதருக்கு முன்னால் குரல் உயர்த்தாதவள், அவருடைய பேனையையே எடுத்தாள். மேசையில் கிடந்த கைப்பிரதியின் முதல் பக்கத்தில் அவர் பெயரைக் குறுக்கே வெட்டி, மேலே தன் பெயரைப் பெரிதாக எழுதினாள். அவர் கை தடுக்க எழும்பிப் பாதியில் நின்றது.

"பயப்பிடாதேங்கோ, அத்தான்," என்றாள் செல்வமலர். "ஏதும் வந்தால் முதல் பேரைத்தான் பிடிப்பாங்கள்."