கிரேன் எந்தப் பக்கம்

"தலைப்பக்கம் ஒருத்தர் பிடிங்க. படி திரும்புற இடத்துல இடிக்கும்" என்றார் வெள்ளை உடுப்பு போட்டிருந்த இருவரில் ஒருவர்.

அவள் ஓர் அடி முன்னால் வந்தாள். "நீங்க வேணாம்மா, கையில உறை இல்ல" என்று அவரே தடுத்தார். உறை மாட்டியிருந்த கணவர் போய்ப் பிடித்துக்கொண்டார். இந்தக் கட்டடத்தின் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நுழையாது என்பது, குடிவந்து பன்னிரண்டு வருடம் கழித்து இன்றைக்குத்தான் தெரிந்தது. துணிக்கு வெளியே அண்ணனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. படியின் முதல் வளைவில் அவையும் மறைந்தன. நான்காவது மாடியிலிருந்து "மெதுவா, மெதுவா" என்று கணவரின் குரல் ஏறி வந்தது.

கூடப் போக ஒருவருக்குத்தான் அனுமதி. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தாள்.

உள்ளறையில் ஆக்ஸிஜன் இயந்திரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. அதன் நீளக் குழாய் அறையைத் தாண்டி, நடையைத் தாண்டி, ஹால் வாசல் வரைக்கும் வந்திருந்தது. அதற்கு மேல் எட்டாது. எட்டாத இடத்தில் அண்ணன் அதை மூக்கிலிருந்து கழற்றியிருக்கிறார். கழற்றியதைக் கீழே போட்டுவிடவில்லை. மிச்சக் குழாயை இரண்டு வளையமாகச் சுருட்டிக் கதவின் கைப்பிடியில் மாட்டியிருந்தார். வேலை செய்த காலத்தில் கயிறுகளையும் அப்படித்தான் மாட்டுவார் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

அங்கிருந்து ஜன்னலுக்கு ஒன்பது தப்படி. அவள் எண்ணிப் பார்த்திருந்தாள்.

மளிகைக்கடை வரிசையில் நின்றுவிட்டு அவள் திரும்பி வந்தபோது பதினொன்றரை. கணவர் படுக்கையறையில், காதில் ஹெட்போனோடு, முப்பத்தெட்டு பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அண்ணன் ஜன்னலோரம், அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி முழுவதும் தள்ளித் திறந்திருந்தது. மடியில் போன். தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். என் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாரே என்றும் நினைத்தாள். அந்த இரண்டாவது நினைப்புதான் இப்போது திரும்பத் திரும்ப வந்தது.

"என்னத்துக்கு இவ்வளவு தூரம் எழுந்து வந்தாரு?" என்று அப்போது கணவர் கேட்டார். "பாத்ரூம் அந்தப் பக்கம்ல இருக்கு?"

"தெரியல" என்றாள்.

தெரியும்.

*

பதினெட்டு வருடமாக அவள் கூரியர் அலுவலகத்தின் கவுன்டரில் வேலை செய்கிறாள். தரைக்குக் கீழே இருக்கும் இடம். வெளியே மழை என்பதை, வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். ஊரடங்கு வந்து அலுவலகத்தை மூடியதும், இரண்டாவது நாளே நாற்காலியை ஹால் ஜன்னலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். இவ்வளவு பெரிய ஜன்னல் இந்த வீட்டில் இருந்ததே அன்றுதான் கண்ணில் பட்டது போலிருந்தது. காலியான சாலை. அதன் நடுக்கோட்டின் மேல் படுத்துத் தூங்கும் நாய். எதிர்மாடியில் குடை பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கும் ஒரு கிழவர். புகை விலகிய பிறகு, தொலைவில் இத்தனை நாள் இல்லாத மலை ஒன்று. கையில் காபி. செய்தியில் தினமும் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள். இதை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அண்ணனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. முப்பது வருடம் டவர் கிரேன் ஓட்டியவர். சிமென்ட் தூசு நெஞ்சைப் பிடித்துக்கொண்ட பிறகு தங்கை வீட்டோடு வந்துவிட்டார். உள்ளறைக்கும் ஒரு ஜன்னல் உண்டு. அது பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி இருந்தது.

"கட்டிலை ஹால்ல போட்டா என்னம்மா?" என்று ஊரடங்கின் முதல் வாரத்தில் ஒருதடவை கேட்டார்.

"மெஷின் வயர் எட்டாதுண்ணே."

நீள வயரோடு எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அண்ணன் மறுபடி கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக நான்கு மணி வழக்கம் வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் இடதுகோடியில் பாதியில் நின்றுபோன கட்டடம் ஒன்று. அதன் தலைக்கு மேல் ஒரு டவர் கிரேன். தினமும் நான்கு மணிக்கு உள்ளறையிலிருந்து குரல் வரும்.

"நாலாச்சு. என் ஆளு எந்தப் பக்கம் பாக்குறா?"

"முப்பது வருஷம் கழுத்து மேலயே உக்காந்திருந்தீங்க. இன்னுமா ஆசை தீரல?"

"அவளாவது காத்தடிச்சா திரும்பிப் பாப்பா. உனக்கு ஒரு அண்ணி வந்திருந்தா அதுவும் இருந்திருக்காது."

அது விளையாட்டு இல்லை என்பதையும் அவர்தான் சொல்லியிருந்தார். வேலை நிறுத்திவிட்டுப் போகும்போது கிரேனின் பிரேக்கைத் தளர்த்திவிட்டுத்தான் இறங்க வேண்டும். அப்போதுதான் அதன் நீண்ட கை, காற்று தள்ளுகிற பக்கம் தானாகத் திரும்பிக்கொள்ளும். பூட்டி வைத்துவிட்டால் காற்றோடு மல்லுக்கு நின்று, பெருங்காற்றில் அடியோடு சாயும். அவசரமாக மூடச் சொன்ன ஊரடங்கு. எவன் எப்படி விட்டுவிட்டு இறங்கினானோ. கிரேனுக்குக் கீழே தகரக் கொட்டகைகளில், ஊர் போக வண்டி கிடைக்காத நாற்பது பேர் குடியிருந்தார்கள்.

"அது திரும்புற வரைக்கும் கவலை இல்ல" என்பார். "திரும்பலன்னாதான் சொல்லணும்."

முதல் மூன்று வாரம் அவள் ஒழுங்காகப் பார்த்துச் சொன்னாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கிரேன் தெரியாது. எழுந்து, கண்ணாடியைத் தள்ளி, தலையை வெளியே நீட்டி இடதுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டும். "ரயில் பாலம் பக்கம்ணே." "தண்ணித்தொட்டி பக்கம்ணே." அண்ணன் அதை வாங்கிக்கொண்டு, "அப்ப நாளைக்கு மழை" என்பார். பல நாள் சரியாக இருக்கும்.

பிறகு ஒருநாள் மடியில் புத்தகம் இருந்தது. மலையின் மேல் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. எழ மனம் வரவில்லை.

"தண்ணித்தொட்டி பக்கம்தாண்ணே. நேத்து மாதிரியே."

அது சுலபமாக இருந்தது. மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கு மறுநாளும்.

ஏழாம் நாள் ராத்திரி பெருங்காற்று அடித்தது. மறுநாள் நான்கு மணிக்கு அண்ணன் கேட்டார்: "இப்பவுமா தண்ணித்தொட்டி பக்கம்?"

"ஆமாண்ணே."

"நல்லா எட்டிப் பாத்தியாம்மா?"

"பாத்தேன்ணே."

ஒன்பதாம் நாள் அவர் கேட்டு முடிப்பதற்குள் "அதே பக்கம்" என்றாள், கொஞ்சம் எரிச்சலாக. அண்ணன் "சரிம்மா" என்றார்.

அது நேற்று.

*

இரண்டு மணிக்கு விசில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. அண்ணன் மேலே கிரேனில் இருந்த காலத்தில், கீழே நின்று விசிலும் கைச்சாடையுமாக வழி காட்டியவர். இருபத்திரண்டு வருடம். அவர் பெயரை அண்ணன்கூடச் சொல்லி அவள் கேட்டதில்லை.

"வண்டி கிளம்பிடுச்சாம்மா?"

"கிளம்பிடுச்சுண்ணே. அவரு கூடப் போயிருக்காரு."

"கடைசியா ஒரு தடவை பாக்கக்கூட விடமாட்டேங்குறானுங்க..." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "காலைல என்கிட்ட பேசினாரும்மா. ரெண்டு தடவை."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பத்தே முக்காலுக்கு மொதல்ல. உங்க எதிர்ல இருக்குற கிரேன் ஒன்பது நாளா திரும்பவே இல்ல, பிரேக் போட்டபடியே விட்டிருக்கான், சாயங்காலம் புயல் எச்சரிக்கை வேற, கான்ட்ராக்டரைப் பிடிச்சு கொட்டகைல இருக்குறவங்களைக் கிளப்புன்னாரு. நீங்களே பாத்தீங்களான்னேன். எங்க வேலைல அது கேக்கணும்மா. மேல இருக்கறவனுக்கு சுமை போய் இறங்குற இடம் தெரியாது. கீழ நிக்கிறவன் பாத்து சொல்றதுதான். பாக்காம சொன்னா ஒரு உயிர் போயிடும்."

"அவரு என்ன சொன்னாரு?"

"கொஞ்சம் யோசிச்சாரு. அப்புறம் 'நான்தான் பாத்தேன்'னாரு. சரின்னு நான் கான்ட்ராக்டர் நம்பரைத் தேடிக்கிட்டிருக்கேன், கால் மணி நேரம் ஆகல, மறுபடியும் போன். மூச்சு வாங்குது பாவம், பேசவே முடியல. 'விசிலு, யாரையும் கிளப்பாத. நல்லாத்தான் இருக்கு, லேசா சுத்துது. நான்தான் சரியா பாக்கல'ன்னாரு. 'என்னண்ணே, கழுகுக்கே கண்ணு மங்கிடுச்சா'ன்னேன், சிரிக்கட்டும்னு. சிரிச்சாரும்மா."

கழுகு. ஆட்கள் அண்ணனுக்கு வைத்த பெயர். எண்பது அடி உயரத்திலிருந்து கீழே கிடக்கும் ஆணியைப் பார்த்து, எடுக்கச் சொல்லுவார் என்பார்கள்.

"வேற ஏதாவது சொன்னாரா?"

"வேற ஒண்ணும் சொல்லலையே. ஏம்மா?"

"சும்மாதாண்ணே."

அவர் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அண்ணனின் போன் மேஜைமேல் அதிர ஆரம்பித்தது. பழைய வேலையாட்களின் குரூப். விசில் அண்ணன் காலையில் நடந்ததை அப்படியே எழுதிப் போட்டிருந்தார். அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்தன. நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: 'முப்பது வருஷத்துல ஒரு தப்பு பண்ணாத மனுஷன். கடைசி நாள்ல கண்ணு ஏமாத்திடுச்சு.' இன்னொருவர்: 'அந்தக் கண்ணுக்கே வயசாச்சுன்னா நாமெல்லாம் எம்மாத்திரம்.' அதற்கும் கும்பிடும் கைகள்.

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி எடுத்துப் படித்தாள். யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. எல்லோரும் அழுதுகொண்டுதான் எழுதியிருப்பார்கள்.

கைப்பிடியில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றினாள். உள்ளறைக்குப் போய் இயந்திரத்தை அணைத்தாள். வீட்டில் இப்படி ஒரு அமைதி இருந்து எட்டு மாதம் ஆகிறது.

கடிகாரம் நான்கைத் தாண்டியது. உள்ளறையிலிருந்து யாரும் கேட்கவில்லை.

அவள் ஹாலுக்கு வந்தாள். நாற்காலியில் அண்ணன் உட்கார்ந்த பள்ளம் இருப்பது போலத் தோன்றியது. அவளுடையதாகவும் இருக்கலாம். அதைச் சுற்றிக்கொண்டு போய், கண்ணாடியைத் தள்ளி, இடுப்பு வரைக்கும் வெளியே சாய்ந்து இடதுபக்கம் பார்த்தாள். காற்று முகத்தில் அடித்தது. கொட்டகைகளின் முன்னால் இரண்டு பேர் துணிகளைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேலே, ரொம்ப மேலே, கிரேன்.

அப்படியே நின்றபடி விசில் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லும்மா."

"அண்ணே, அவரு தப்பா பாக்கல."

"என்னது?"

"மொதல்ல உங்களுக்குப் போன் பண்ணப்ப அவரு பாக்கவே இல்ல. கட்டிலை விட்டு எழுந்தாதானே பாக்குறதுக்கு. நான்தான் தினமும் பாத்து சொல்லுவேன்." காற்றில் தன் குரல் கேட்கிறதா என்று தெரியாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ஒன்பது நாளா நான் பாக்கலண்ணே. பாத்தேன்னு சொன்னேன்."

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"குரூப்புல போட்டிருக்கீங்கல்ல. அதை மாத்திப் போடுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா இப்ப..."

"போடுங்கண்ணே. தங்கச்சின்னே போடுங்க."

அவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கீழே துணி எடுத்தவர்களில் ஒருவன் ஒரு சட்டையைத் தவறவிட்டு அதன் பின்னால் ஓடினான்.

"இப்ப எங்கம்மா இருக்க?"

"ஜன்னல்லண்ணே."

"தெரியுதா?"

"தெரியுது."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வேலை நேரத்துக் குரல் வந்தது. "எந்தப் பக்கம் பாக்குது?"

அவள் இன்னும் கொஞ்சம் வெளியே சாய்ந்தாள். கண்ணில் நீர் கோத்து எல்லாம் கலங்கியது. புறங்கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"இருங்கண்ணே" என்றாள். "திரும்பிக்கிட்டிருக்கு. நின்னதும் சொல்றேன்."