எட்டாவது கால்

அக்கா மண்டியிட்டு, சாய்தளத்தைத் தாங்கும் ஏழாவது மரக்காலின் அடியில் குத்தூசியை வைத்து அழுத்தினாள். நுனிகூட இறங்கவில்லை.

"பாறைடா இது. பத்து வருஷம் ஈர மண்ணுல நின்ன கட்டைன்னா எவன் நம்புவான்?" என்று, பரீட்சையில் தேறிய பிள்ளையைப்போல மரத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

தம்பியின் கண் அடுத்த காலில் இருந்தது. தன் மகள் சக்கர நாற்காலியில் தோட்டத்துக்குப் போய்வர, பின்வாசலில் இந்தச் சாய்தளத்தை அமைத்துக் கொடுத்தவள் தச்சு வேலை பார்க்கும் அக்காதான். நாளை மோட்டார் வைத்த நாற்காலி வருகிறது. பழையதைவிட நாலு மடங்கு எடை. தாங்குமா என்று பார்க்கவே அவளைக் கூப்பிட்டிருந்தான்.

ஏழு கால்களும் தாங்கும், அவனுக்குத் தெரியும். சந்தேகம் எட்டாவதில்தான்.

சாய்தளம் கட்டிய அன்று கடைசிக் கால் ஒரு சாண் கூடுதல் நீளமாக இருந்தது. அக்கா ஆணி வாங்கப் போயிருந்தாள். உதவுகிறேன் பேர்வழி என்று அவனே அதை அறுத்து, அறுத்த முனையைக் குழியில் இறக்கி மூடிவிட்டான். சாயங்காலம் அக்கா அவன் மகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்: "இரும்புத் தொட்டில மரத்தப் போட்டு, காத்த உறிஞ்சிட்டு, மருந்த அழுத்தி ஏத்துவாங்க. கரையான் கிட்ட வராது, பூஞ்சை பிடிக்காது. ஆனா மருந்து நடுவரைக்கும் போகாது. அதனால அறுத்த முனை மேலதான் இருக்கணும், அதுக்கும் மருந்து பூசணும். மண்ணுக்குள்ள போறது ஆலைல இருந்து வந்த முனை."

அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். அந்த நாளை பத்து வருடம் வரவில்லை. பலகைமேல் சக்கரம் உருளும் சத்தம் கேட்கும்போதெல்லாம், கையிலிருக்கும் புத்தகத்தில் ஒரே வரியை மூன்று முறை படிப்பான்.

அக்கா எட்டாவது காலை நோக்கி நகர்ந்தாள்.

"இரு, அக்கா. அத நான் அறுத்தேன்."

"எப்போ?"

"நீ ஆணி வாங்கப் போனப்ப. அறுத்த முனை கீழ இருக்கு. மருந்தும் பூசல."

ஜன்னலில் மகளின் தலை தெரிந்தது. "அப்பா! இத்தன நாளா அதுமேலயா ஓட்டிட்டிருந்தேன்? அத்தை, இவர் ஏன் சொல்லவே இல்ல?"

"உங்கப்பன் வாயத் தொறக்கறதுக்குள்ள கருங்கல்லே மக்கிரும்டி," என்றாள் அக்கா. சிரிக்கவில்லை. மண்வெட்டியை அவன் கையில் திணித்தாள்.

பலகைக்கு முட்டுக் கொடுத்து, தோண்டி, காலை வெளியே இழுத்தார்கள். சுற்றிலும் மருந்தேறிய மங்கிய பச்சை; கீறல்கூட இல்லை. அடிமுனையில் குத்தூசியை வைத்ததும் கைப்பிடிவரை உள்ளே போனது. நடுப்பகுதி நனைந்த ரொட்டியாக உதிர்ந்தது.

அக்கா அதை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தான்.

"இந்த வெளி ஓட்டப் பாருடா," என்றாள் மெதுவாக. "மருந்து ஏறின இந்த விரல் கனத்து ஓடு மட்டும் தனியா நின்னு உன் பொண்ணத் தாங்கிருக்கு. நீ பண்ணின கூத்துக்கு இது எப்பவோ கையை விரிச்சிருக்கணும்."

அவன் அந்த ஓட்டைத் தொட்டுப் பார்த்தான். கடினமாக, குளிர்ச்சியாக இருந்தது.

உடைந்த துண்டுகளை அவன் பொறுக்கியபோது அக்கா அதட்டினாள். "அடுப்புல கிடுப்புல போட்றாத, புகை விஷம். கழிவு எடுக்கறவங்ககிட்ட தனியாக் குடு. தொட்டா ஒண்ணும் ஆகாது, தூளத்தான் இழுக்கக் கூடாது. இந்தா, முகமூடி."

புதுக் கட்டையை அவனையே அறுக்கச் சொன்னாள். அறுத்த முனையில் அவன் மருந்தை இரண்டு முறை பூசினான். மூன்றாவது முறையும் தூரிகையைத் தோய்த்ததும், "போதும்டா, மரம் குடிச்சிருச்சு," என்றாள். அந்த முனை மேலே இருக்க, காலை இறக்கிச் சரளை போட்டு இடித்தார்கள்.

மறுநாள் புது நாற்காலி முனகிக்கொண்டே இறங்கியது. எட்டாவது காலுக்கு நேர்மேலே மகள் நிறுத்தினாள்.

"நீங்களும் ஏறுங்கப்பா."

அவன் ஏறி அவள் பக்கத்தில் நின்றான். பலகை அசையவில்லை.