உள்ளே ஓடுவதற்கு என்ன விலை

லினக்ஸின் விலை பூஜ்யம். அதை ஒரு வியாபாரியிடம் வாய்விட்டுச் சொன்னதற்கு ஜிபின் கொடுத்த விலை, அவன் மனைவி அஜிஷாவின் நான்கு பவுன் செயின்.

பெங்களூர் வேலையை விட்டு குளச்சலுக்குத் திரும்பி, ஒன்றரை வருடம் முன்னறையில் உட்கார்ந்து, சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்தான். மீன் கிடங்கில் குளிர் குறைந்தால் முதலாளியின் செல்போனுக்கு அது மெசேஜ் அனுப்பும். உள்ளே மலிவான சின்ன பிராசஸர், அதை இயக்க லினக்ஸ் என்ற மென்பொருள். லினக்ஸை இணையத்தில் யாரும் சும்மா எடுக்கலாம். அந்தப் பிராசஸருக்குள் அதை ஓடவைப்பதுதான் பாடு. முதல் நான்கு மாதம் திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் வீட்டில் உலை கொதித்தது செயினை அடகு வைத்த பணத்தில். இப்போது வங்கியிலிருந்து ஏல நோட்டீஸ் வந்திருந்தது.

குளிர்பதனக் கிடங்கு வைத்திருந்த பொன்னுலிங்கம் பத்துப் பெட்டி கேட்டார். ஜிபின் பெட்டிக்குப் பதினாலாயிரம் சொல்லியிருந்தான்; அது கிடைத்தால் செயின் கழுத்துக்கு வந்துவிடும். அஜிஷா துறைமுகத்தில் மீன் ஏலம் விடுகிறவரின் மகள். அடக்கவிலையை மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள்.

பொன்னுலிங்கம் தாமே கிடங்குக் கதவைத் திறந்துவைத்துப் பார்த்தார். மெசேஜ் வந்தது. முகத்தைச் சுளித்தார், பிடித்துவிட்டது என்று அர்த்தம். பிறகு பெட்டியின் ஸ்குரூவைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தொட்டு விலை கேட்டார். ஜிபின் பரீட்சையில் பதில் சொல்வதுபோல் சொன்னான். கூட்டினால் ஆறாயிரம் வந்தது.

“உள்ள ஓடுகதுக்கு?”

ஓப்பன் சோர்ஸ் என்றான். யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று அரைமணி நேரம் விளக்கினான். அரசாங்கம் விலையில்லா மடிக்கணினி கொடுத்துக்கொண்டிருந்த வருடம் அது. பொன்னுலிங்கம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அப்போ ஓசியாக்கும்.”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். புரிந்துகொண்டாரே என்ற சந்தோஷத்தில் ஜிபின் சிரித்தான். “ஓசிதான் அண்ணாச்சி.”

பேரம் அங்கேயே முடிந்தது.

“ஓசியில எடுத்துட்டு வந்து என்கிட்ட மேல எட்டாயிரம் கேக்கியா மக்கா?”

பெட்டிக்குச் சாமான் விலை, மேலே கூலி ஐந்நூறு, அவ்வளவுதான் என்றார். வேறு ஆள் பெட்டி கேட்கவில்லை; வெள்ளிக்கிழமை வங்கியில் செயின் ஏலம். ஜிபின் தலையாட்டினான். சாமான் காசு சாமான் கடைக்குப் போனது. கூலியை வைத்து வங்கியில் வட்டியைக்கூட அடைக்க முடியவில்லை.

விஷயத்தைக் கேட்டு அஜிஷா அழவில்லை.

“கடல்ல கெடக்க மீனும் ஓசிதான். எங்கப்பா ஒருநாளாவது அதச் சொல்லி ஏலம் விளிச்சிருக்காரா?”

வெள்ளிக்கிழமை செயின் போனது.

மே மாதம் கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடாமல், கிடங்கில் குளிர் குறைந்தது. பெட்டி தன் பேட்டரியில் ஓடி மெசேஜ் அனுப்பியது. எட்டு டன் கணவாய் மீன் தப்பியது. கேள்விப்பட்டு ஜிபின் போனான். பொன்னுலிங்கம் டீ வாங்கிக் கொடுத்து, பெட்டிகளை வருடா வருடம் வந்து பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். அதற்குக் கூலி கேட்டபோது உண்மையிலேயே திகைத்தார்.

“ஓசிச் சாமானுக்கு ரிப்பேரு மட்டும் காசாக்கும்?”

வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், ஒரு கிலோ கணவாயைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.

அஜிஷா அதைக் கழுவிக்கொண்டே கணக்குச் சொன்னாள்.

“அண்ணாச்சிக்கு எட்டு டன். நமக்கு ஒரு கிலோ. செயினு நாலு பவுனும் போச்சு. உள்ள ஓடுகது ஓசி. பாக்கி ஒண்ணும் இல்ல, கணக்கு நேராயிட்டு.”